அடி துடைக்காத ஜாடிகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பலகைகளில் சாக்கட்டியால் போட்ட எண்களும், வருகைப் பதிவில் போட்ட கையெழுத்தும்தான். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்பது எனக்கு இன்னும் குழப்பம். என் மனைவி பத்தாவது வரை படித்தவள். அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்துப் பிழைகளைத் திருத்துகிறாள். “இவ்ளோ கோவமா எழுதணுமா?” என்று கேட்டாள். பிழையை மட்டும் திருத்து, கோபத்தில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

இந்த நோட்டைக் கொடுத்தவர், ஆஸ்பத்திரியில் மனநல டாக்டருக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசும் ஓர் அம்மா. “மனசுல என்ன ஓடுதோ அத அப்படியே எழுதுங்கய்யா, யாரும் பாக்க மாட்டாங்க” என்றார். அது தை மாதம். நேற்றுவரை முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும்தான் இருந்தது. யாரும் பார்க்காததை எதற்கு எழுத வேண்டும் என்று எரிச்சல். இன்று எழுதுகிறேன். ஏன் இன்று என்பது கடைசியில் வரும்.

நான் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் இருபத்தாறு வருஷம் சூளை ஏற்றினேன். பெண்கள் நீளப் பெஞ்சில் உட்கார்ந்து காய்ந்த மண் சாமான்களைத் தேய்த்து, கிளேஸில் முக்கி எடுத்து, பலகையில் வரிசையாக வைப்பார்கள். அந்தப் பலகையைத் தோளில் வாங்கிவந்து, சூளைக்குள் கல் தட்டுகளின்மேல் சாமான்களை அடுக்குவது என் வேலை. கிளேஸ் என்பது பால் மாதிரி ஒரு கரைசல். சூளையில் உருகிக் கண்ணாடியாகிவிடும். அதனால் ஜாடியோ கப்போ எதுவானாலும், முக்கி எடுத்ததும் அடியில் ஒட்டியிருக்கும் கிளேஸை ஈரப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் அது உருகிக் கீழே இருக்கும் தட்டோடு சாமானை ஒட்டிவிடும். பிறகு நான்தான் உளி வைத்துப் பெயர்க்க வேண்டும். சாமானும் போகும், கொஞ்சம் ஓங்கினால் தட்டும் போகும்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். கல்யாணப் பந்தியில் தண்ணீர்கூடக் கேட்க மாட்டேன். ஆனால் அடி துடைக்காத சாமான் ஒன்று கையில் சிக்கிவிட்டால் எங்கிருந்துதான் எனக்குக் குரல் வருமோ! “யாரு இத வச்சது? கண்ணு எங்க இருக்குது?” என்று பெண்கள் கொட்டகை வரைக்கும் போய்க் கத்துவேன். இருபத்தாறு வருஷத்தில் நான் உரக்கப் பேசியது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

எங்கள் பட்டறையில் செய்தது பெரும்பாலும் வீட்டு மின்சாரப் பெட்டியில் மாட்டும் ஃபியூஸ் கட்டை. தானாக விழுகிற சுவிட்சு வந்த பிறகு பீங்கான் கட்டையை யார் கேட்கிறார்கள்? ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனோம், கேட்டில் பூட்டு. முதலாளி போனில், “பாத்து சொல்றேன்” என்றார். மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது.

வேலை போனதுகூடப் பரவாயில்லை. வேலை போனவனுக்கு ஊரே கூடிச் சொன்ன யோசனைகள் இருக்கின்றனவே, அவைதான் என்னைப் பாதி தின்றன. என் மனைவியின் தம்பி வேப்பூரில் ஒரு ஓட்டல் கல்லாவில் இருக்கிறான். “மாமா, செக்யூரிட்டி வேலைக்குப் போங்களேன். சும்மா குந்தியிருக்கிறதுதான மாமா வேலையே” என்றான். போய்க் கேட்டேன். சும்மா குந்தியிருப்பதற்கு எட்டாவது பாஸ் சர்டிபிகேட் வேண்டுமாம். மற்றப் பட்டறைகளில் கேட்டேன். “பாரம் தூக்குவீங்களா?” என்றார்கள். தூக்குவேன் என்றேன். “வயசு?” என்றார்கள். சொன்னதும் தூக்குகிற பேச்சு நின்றுவிட்டது. ஒருவர் நல்ல மனிதர்போலத்தான் பேசினார். “நீங்க சீனியருங்க. உங்கள வேல வாங்க எனக்குத்தான் கூச்சமா இருக்கும்” என்றார். கூச்சம் ஒன்றுதான் என்னுடையது என்று நினைத்திருந்தேன். அதையும் அவர் எடுத்துக்கொண்டார்.

வேலை வாய்ப்பு முகாம் என்றார்கள். மனைவி சட்டை தேய்த்துக் கொடுத்தாள். அங்கே வந்தவர்களில் பாதிப்பேர் என் மீசைக்கு இளையவர்கள். மேசையில் இருந்த பெண் என் ரேஷன் கார்டு நகலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். “என்னா வேல தெரியும் சார்?”

“சூளை ஏத்துவேன்மா.”

போனில் எதையோ தள்ளித் தள்ளித் தேடினாள். “அதுக்கு எடம் இல்லைங்களே சார். மற்றவைன்னு போட்டுக்கட்டுமா?”

போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து நான் மற்றவை.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். ஒரே ஒரு கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் பழைய பட்டறையில் மண் அரைத்தவர் ஒருவர், இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பாலக்கரை டீக்கடையில்தான் வண்டி நிற்கும். அந்தப் பக்கம் போனால் போதும், பத்துப் பேர் நடுவில் உரக்கக் கேட்பார்: “என்னாண்ணே, இப்ப எங்க வேல?” கெட்ட எண்ணத்தில் கேட்பவர் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி வந்ததும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். முதலில் அந்தக் கடையை விட்டேன். பிறகு அந்தத் தெருவை விட்டேன். ஐந்து நிமிஷத்தில் போகிற இடத்துக்கு ஸ்டேஷன் பக்கமாகச் சுற்றி அரை மணி நேரம் நடந்தேன். கடைசியில் நடப்பதையே விட்டேன்.

பின்கட்டு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். குளிக்கத் தோன்றாது. சவரம் பண்ணக் கண்ணாடியைப் பார்த்தால் யாருடைய முகமோ மாதிரி இருக்கும் என் முகம். பாத்திரம் உருண்டால் கத்துவேன், கத்திவிட்டு அழுவேன். உள்ளே மட்டும் பேச்சு ஓயாது. பூட்டுப் போட்ட அன்று முதலாளியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை வரிசையாகக் கேட்பேன். அவருக்காக நானே பதில் சொல்வேன். அந்தப் பதிலுக்கு எனக்கே கோபம் வரும். காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை இதே வழக்கு. என் மனைவி வேறொரு பட்டறையில், ஊறுகாய் ஜாடி செய்யும் இடத்தில், பெஞ்சு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் ஓட்டமாக வீட்டுக்கு வருவாள், என்னைப் பார்ப்பாள், திரும்ப ஓடுவாள். எதற்குப் பயந்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொண்டதில்லை.

கருவேப்பிலங்குறிச்சியில் மந்திரிக்கும் ஒருவரிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டினாள். பூசணிக்காய் உடைத்தார்கள். பூசணிக்காய்க்குத்தான் நஷ்டம். பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், மாத்திரை எழுதினார். அது உண்மையில் வேலை செய்தது. உள்ளே நடக்கும் வழக்கின் சத்தம் கொஞ்சம் குறைந்தது. பக்கத்து அறை அம்மா, “வெளிய போங்க, தினமும் நடங்க” என்றார். அம்மா, இந்த ஊரில் என் அளவுக்குச் சுற்றி நடந்தவன் யாரும் இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

இப்படி இருக்கையில் சித்திரையில் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு. வீட்டில் சோறு வருவது அவள் உட்கார்ந்த அந்த ஒரு இடத்தால்தான். பட்டறை முதலாளி, “ஆர்டர் இருக்குது. ஆள் போடாம எடத்த வச்சிருக்க முடியாதும்மா” என்று சொல்லிவிட்டார்.

மனைவி கட்டுப்போட்ட கையோடு பின்கட்டுக்கு வந்து நின்றாள். “நீங்க போங்க.”

“எங்க?”

“என் எடத்துக்கு.”

“அது லேடீஸ் பெஞ்சு.”

“பெஞ்சுக்குத் தெரியுமா யாரு குந்தறாங்கன்னு? அந்த எடமும் போச்சுன்னா வூட்டுல மிச்சம் இருக்கிறது இந்த செவுருதான். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டுப் படுத்துக்கலாம், வாங்க.”

பேட்டையில் எந்தப் பட்டறையிலும் ஆம்பிளை பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மண் அரைப்பது, அச்சு ஊற்றுவது, சூளை எல்லாம் ஆண்கள். தேய்ப்பதும் துடைப்பதும் பெண்கள். யாரும் சட்டம் போடவில்லை, அப்படியேதான் நடக்கிறது. மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு போனேன். பெஞ்சின் தலைமாட்டில் உட்காரும் அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எங்கள் பழைய பட்டறையில் இருந்தவர். என்னிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவர் என்றால் அவர்தான்.

“யாரு வராங்க பாருங்கடி! சூளைக்காரரு!” என்றார்.

“அய்யய்யோ, கண்ணு எங்க இருக்குதுன்னு கேப்பாரே!” என்றது ஒரு குரல். “எல்லாரும் கண்ணத் தொடச்சி வச்சிக்குங்கடி.”

“குந்துப்பா” என்றார் அக்கா. “வெக்கப்படாத. நாங்க ஒண்ணும் கடிச்சிட மாட்டோம்.”

டீ நேரத்தில் தப்பித்து ஆண்கள் பக்கம் போனேன். “என்னாண்ணே, வளையல் போடலியா?” என்றான் ஒருவன். திரும்பி வந்து பெஞ்சிலேயே உட்கார்ந்து டீ குடித்தேன். அங்கேயாவது கேலியில் கொஞ்சம் சரக்கு இருந்தது.

இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. என் பலகையின் ஓரத்தில் மனைவி வழக்கமாகப் போடும் வட்டக் குறியையே சாக்கட்டியால் போட்டேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலையிலிருந்து அந்தப் பழைய வழக்கு உள்ளே ஓட ஆரம்பித்துவிட்டது. பழைய முதலாளி பதில் சொல்கிறார், நான் மடக்குகிறேன், அவர் திரும்பச் சொல்கிறார். கை மட்டும் ஜாடியை முக்கியது, எடுத்தது, பலகையில் வைத்தது. மூன்று பலகை நிறைந்து போயிற்று. பஞ்சு என் பக்கத்துக் கிண்ணத்தில் காய்ந்து கிடந்தது. நான் பார்க்கவில்லை.

பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தேன், எப்படி மறந்தேன் என்று. எனக்குக் கிடைத்த பதில் இதுதான். இருபத்தாறு வருஷமாக என் கைக்கு வந்த பலகை எல்லாம் பெண்கள் துடைத்து வைத்த பலகை. பலகையில் சாமான் இருந்தால் அடி துடைத்தாயிற்று என்றுதான் என் கைக்குத் தெரியும். துடைப்பது இன்னொருத்தியின் வேலை, அதுவும் எனக்கு முன்னாலேயே முடிந்துபோன வேலை. மனது காவல் இல்லாத நேரத்தில் கை அதன் பழைய கணக்குப்படி நடந்துகொண்டது. சூளை ஏற்றியவராவது திருப்பிப் பார்த்திருக்கலாம். புது ஆள். நானாக இருந்தால் ஒன்றைத் தூக்கியதுமே கண்டுபிடித்துக் கொட்டகை வரைக்கும் வந்து கத்தியிருப்பேன். நான்தான் சூளைப் பக்கம் இல்லையே, பெஞ்சில் அல்லவா இருந்தேன்.

சூளை ஆறி இரண்டாம் நாள் திறந்தார்கள். இந்தப் பட்டறை முதலாளி என்னைவிட இளையவர், குரல் உயர்த்தாதவர். ஒரு ஜாடியைப் பிடித்துத் தூக்கினார். தட்டும் கூடவே எழுந்தது. அப்படியே அதைக் கொண்டுவந்து பெஞ்சின்மேல் வைத்தார்.

“யாரு இத வச்சது?” என்றார்.

என்னுடைய வாக்கியம். அதே வார்த்தைகள். காலிப் பலகைகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. மூன்றிலும் வட்டக் குறி. “நான்தாங்க” என்றேன்.

“உங்களுக்கு நான் சொல்லித் தரணுமாங்க?” என்றார். “நாளைலேர்ந்து வேணாங்க. எடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்.”

நான் எழுந்து கை கழுவினேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பின்கட்டுச் சுவர்தான். அதில் காரை பெயர்ந்த இடம், அதற்குக் கீழே பல்லி முட்டை ஒட்டியிருந்த தடம் எல்லாம் தெரிந்தன. இந்தத் தடவை போய்ப் படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெளிவாகத் தெரிந்தது. அவள் இடமும் போயிற்று. அதையும் நானே செய்தேன்.

“எங்கப்பா போற?” என்றார் அக்கா. நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். அவர் முதலாளி பக்கம் திரும்பினார். “ஐயா, நான் எத்தினி தடவ ஒட்ட வச்சிருக்கேன் தெரியுமா? ஒவ்வொண்ணுக்கும் இந்தாளு ஊரு கேக்கற மாதிரி கத்துவாரு. இருவத்தாறு வருசம் திட்டு வாங்கிட்டு, இப்பதான் எனக்கு மொற வந்துருக்குது. நீங்க அனுப்பிட்டா நான் யாரப் போயித் திட்டறது?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை, பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. முதலாளி சிரிக்கவில்லை. “வெளையாட்டு இல்லக்கா. தட்டு எல்லாம் போச்சு.”

“போவல. அந்தாளே பேக்கட்டும். ஒட்டுனதப் பேக்கறதுல இந்தப் பேட்டையில அவர அடிச்சிக்க ஆளு கெடையாது. அத்தினி நாங்க ஒட்ட வச்சிருக்கோம்.”

முதலாளி தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “எத்தன தட்டு மீளுதுன்னு பாக்கறேன். பொறவு சொல்றேன்” என்றார்.

உளியும் சின்னச் சுத்தியலும் வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். சில்லு கண்ணில் தெறிக்காமல் துண்டைக் கட்டிக்கொண்டேன். உளியைப் படுக்கப் போட்டு, ஓரத்திலிருந்து மெல்லத் தட்டிக்கொண்டே வர வேண்டும். ஓங்கினால் தட்டு இரண்டாகிவிடும். எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சூளையையே இடித்திருப்பேன். என்மேல் ஆத்திரம், பூட்டின்மேல் ஆத்திரம், மற்றவை என்று எழுதிய பெண்ணின்மேல் ஆத்திரம். ஆனால் கையை ஓங்க முடியாது. அவ்வளவு கோபத்தோடு அவ்வளவு மெதுவாக வேலை செய்வது என்ன கொடுமை தெரியுமா? இரண்டு நாள் ஆனது. இரண்டு தட்டு உடைந்தது. மற்றதெல்லாம் மீண்டது. ஜாடி ஒன்றும் தேறவில்லை.

மூன்றாம் நாள் காலை போய் நின்றேன். முதலாளி பெஞ்சைக் கையால் காட்டினார், அவ்வளவுதான். அக்கா பஞ்சை நனைத்து என் கிண்ணத்தில் வைத்தார். “இது பஞ்சு. இதால தொடைக்கணும். தெரியுதா? கண்ணு எங்க இருக்குது?” என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பலகை நிறையும்போதும் யாராவது குரல் கொடுப்பார்கள். “அண்ணே, அடி?” நான் “ஆச்சு” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விட மாட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை! காது புளித்துவிட்டது. உள்ளே வழக்கு ஓட ஆரம்பிக்கும், பழைய முதலாளியை மடக்கப் போவேன், சரியாக அந்த நேரம் பார்த்து “அண்ணே, அடி?” என்று ஒருத்தி கத்துவாள். ஒரு வழக்கைக்கூட முடிக்க விடுவதில்லை.

மனைவியின் கட்டு பிரித்தார்கள். அவள் தன் இடத்துக்கு வந்தாள். அப்போது கப்பு ஆர்டரும் சேர்ந்து வந்திருந்ததால் என்னைப் பெஞ்சின் கடைக்கோடிக்குத் தள்ளி உட்கார வைத்தார்கள். நிரந்தரம் என்று யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி, “திங்கக்கெழம வாங்க” என்பார். அந்த வார்த்தை வரும்வரை இப்போதும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன். குணமாகிவிட்டது என்று எழுதினால் பொய். மாத்திரை இன்னும் உண்டு. சில காலைகளில் பாயிலிருந்து எழுந்திருப்பது பலகையை ஏற்றுவதைவிடப் பாரம். மனைவி தம்பி வேறு, “மாமா, லேடீஸ் பெஞ்சு எப்டிப் போவுது?” என்று போனில் சிரிக்கிறான்.

இனி இன்றைக்கு நடந்தது. பெஞ்சுக்கு டீ வாங்கிவருவது முறைவைத்து. என் முறை வரும்போதெல்லாம் பேட்டை வாசல் கடையிலேயே வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவேன். இன்று அந்தக் கடைக்காரர் வீட்டில் வளைகாப்பு, கடை அடைப்பு. “பாலக்கரைக்குப் போயி வாங்கியா” என்று அக்கா பிளாஸ்கையும் சைக்கிளையும் தள்ளிவிட்டார். பக்கத்தில் இருந்தவளிடம் முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். “அடிய ஞாபகப்படுத்தவும் நாங்க, டீக்கும் நாங்களா?” என்றாள்.

போனேன். அந்த ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. மண் அரைத்தவரும் நின்றிருந்தார். பார்த்துவிட்டார்.

“என்னாண்ணே! ஆளையே காணோம்! இப்ப எங்க வேல?”

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். பிளாஸ்கைக் கடைப் பெஞ்சில் வைத்தேன். மூன்று வருஷம் ஒத்திகை பார்த்த பதில் ஒன்றும் வாயில் வரவில்லை. இருப்பதுதான் வந்தது.

“லேடீஸ் பெஞ்சுல. ஜாடிக்கு அடி தொடைக்கிறேன்.”

“ம், ம். சரிண்ணே, சரிண்ணே” என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. கண் பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டத்தின்மேல் இருந்தது. “கம்மாபுரம், கம்மாபுரம், கம்மாபுரம்! ஏறுங்க, ஏறுங்க!” என்று கத்திக்கொண்டே வண்டிக்கு ஓடினார். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்பதுகூடத் தெரியவில்லை. கடையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று வருஷம்! இந்தக் கேள்விக்குப் பயந்து ஊரைச் சுற்றினேன். தெருவை விட்டேன், குளிப்பதை விட்டேன், சுவரோடு படுத்தேன். கேட்டவருக்குப் பதிலே வேண்டியிருக்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலில் டீக்கடை நடுவில் நின்று கத்தலாம்போல இருந்தது. கத்தவில்லை. பாலக்கரை வழியாகவே சைக்கிளை மிதித்தேன், ஸ்டேஷன் பக்கம் சுற்றவில்லை.

“டீ ஆறிப்போச்சு. எங்கப்பா போயிருந்த?” என்றார் அக்கா. எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதனால்தான் அலமாரியிலிருந்து இந்த நோட்டை எடுத்தேன்.

ஆவணி பதினொன்று, வியாழக்கிழமை.